தொட்டி தெரிகிறது என்றாள்

மெர்ல் ஸ்டாங்விக் அலாஸ்காவின் ஆற்றுமுகக் கிராமங்களுக்கு முப்பத்தோரு வருஷம் ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டினார். கூட ஓட்டியவர்களில் ஏழு பேர் ஆற்றிலும் மலையிலுமாகப் போய்விட்டார்கள். இவர் மிஞ்சியதைத் திறமை என்று யாராவது சொன்னால், "வழி தெரியலைன்னா நான் திரும்பி வந்துடுவேன், அவ்வளவுதான்" என்பார்.

நுனாசக் கிராமத்தில் வானிலைக் கருவி கிடையாது. விமானக் கம்பெனியின் உள்ளூர் ஆளான நாஸ்டாசியா ஈவன் வாசலில் நின்று பார்த்து ரேடியோவில் சொல்வாள்.

"எண்ணெய்த் தொட்டி தெரியுது. கோயில் சிலுவை பாதிதான். எனக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டு வராட்டி இறங்காதே கிழவா."

தொட்டி தெரிந்தால் அரை மைல் வரை பார்வை எட்டுகிறது என்று கணக்கு, சிலுவை தெரிந்தால் ஒரு மைல். பதினாலு வருஷத்தில் அவள் சொன்னது பிசகியதில்லை.

ஓர் அக்டோபர் காலை அவள் அப்பா வசீலிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி விமானம் வேறு நோயாளிக்காக வடக்கே போயிருந்தது.

"தொட்டி தெரியுது, சிலுவை தெரியுது, எல்லாமே நல்லாத் தெரியுது மெர்ல். சீக்கிரம் வா."

கிண்டல் இல்லை, கிழவா இல்லை. இவள் வெளியே பார்க்கவே இல்லை என்று அவருக்குப் பட்டது. ஆனாலும் கிளம்பினார்.

ஆற்றின் கடைசி வளைவில் மேகம் தரையைத் தொட்டுக் கிடந்தது. மழை கண்ணாடியில் பட்டதும் உறைந்தது. இறக்கையைத் தாங்கும் கம்பியில் விரல் கனத்துக்குப் பனிக்கட்டி ஏறிவிட்டது.

"சத்தம் கேக்குது மெர்ல்! நேர் மேலதான் இருக்கே. இறங்கு!"

"தொட்டி தெரியுதா, நாஸ்டாசியா?"

"அப்பாவுக்கும் கேட்டுடுச்சு. எழுந்து பூட்ஸ் மாட்டிக்கிறாரு."

மெர்ல் இறங்காமல் விமானத்தைத் திருப்பினார்.

மறுநாள் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மெர்ல் நான்கு பிளைவுட் பலகைகள் ஏற்றிப் போனார். மரமே முளைக்காத ஊர். வசீலியின் சவப்பெட்டிக்கும் பலகை விமானத்தில்தான் வர வேண்டும். நாஸ்டாசியா வண்டியோடு காத்திருந்தாள். ஆளுக்கொரு முனை பிடித்து இறக்கினார்கள்.

"நேத்து தொட்டி தெரியல," என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தே?"

"ம்."

"வராமலே இருந்திருக்கலாம். நீ திரும்பி வருவேன்னு கடைசிவரைக்கும் பூட்ஸைக் கழட்ட விடல அவரு."

அடுத்த வாரம் ரேடியோவில் பழையபடி அளந்து சொன்னாள்: "தொட்டி தெரியுது. சிலுவை பாதி."

மெர்ல் கேட்டுக்கொண்டார். பிறகு அடுத்த கிராமத்து ஆளைக் கூப்பிட்டு, "நுனாசக் பக்கம் எப்படி இருக்கு, பாத்துச் சொல்லு" என்றார். அந்த ரேடியோவில் யார் பேசினாலும் எல்லா ஊருக்கும் கேட்கும். நாஸ்டாசியா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.