லைல் புஸ்காவின் விரல் நுனிகள்

லைல் புஸ்கா பதினோரு வருடங்களில் பிடித்த பந்துகள் நாற்பத்து மூன்று. எங்கள் ஈரி ஏரியில் சனிக்கிழமை மதியம் தூண்டில் போடுகிறவன் அதைவிட அதிகமாகப் பிடிப்பான். ஆனால் தூண்டில்காரனை அணியிலிருந்து நீக்க ஒவ்வொரு ஆகஸ்டிலும் யாரும் கூட்டம் போடுவதில்லை. லைலுக்குப் போடுவார்கள். பதினோரு கூட்டங்களையும், நான்கு தலைமைப் பயிற்சியாளர்களையும் அவர் சுகமாகக் கடந்து வந்துவிட்டார். போன ஏப்ரலில் ஐந்தாவது ஆள் வந்தார்.

காலுக்கு அதிக வேலையில்லாத எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் லைலின் இடம் டைட் எண்ட். வரிசையில் ஐந்து தடியர்கள் குனிந்து நிற்பார்கள், அவர்கள் வேலை எதிரியைத் தள்ளுவது. ஓரத்தில் ஒல்லியானவர்கள் நிற்பார்கள், அவர்கள் வேலை ஓடிப்போய்ப் பந்து பிடிப்பது, பிறகு கார் விளம்பரத்தில் நடிப்பது. நடுவில் டைட் எண்ட். சில சமயம் தள்ள வேண்டும், சில சமயம் பிடிக்க வேண்டும். லைலுக்கு அந்த இரண்டாவது ‘சில சமயம்’ வருவதே அபூர்வம். அவர் தள்ளித் திறந்த வழியில் ஓடிய இருவர் பணக்காரர்கள் ஆனார்கள். திறந்தவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. தள்ளுவதை யாரும் எண்ணுவதில்லை.

அவரிடம் ஒரு குறை இருந்தது. ஊருக்கே தெரிந்த குறை. பந்து கிளம்புவதற்கு முன் வலது கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருப்பார். தள்ளப் போகிறார் என்றால் நூற்றிருபது கிலோவும் அந்தக் கையில் இறங்கும், விரல் நுனிகள் வெள்ளையாக வெளுத்துவிடும். தள்ளாமல் விலகி ஓடப் போகிறார் என்றால் கை தரையைத் தொட்டதோடு சரி, நுனிகள் சிவப்பாகவே இருக்கும். வெள்ளை என்றால் பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடப் போகிறார்கள். சிவப்பு என்றால் வீசப் போகிறார்கள்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் டொலீடோ அணியின் தடுப்பாட்டக்காரர் டிமீட்ரியஸ் டோல்ஸ். வருடத்துக்கு இரண்டு ஆட்டம், ஒன்பது வருடம். இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் முகர்ந்தே வயதானவர்கள். லைல் குனிந்ததும் டோல்ஸ் எட்டிப் பார்ப்பார், தன் ஆட்களுக்குக் கத்துவார்: “வெள்ளை! கிழவன் விரலு வெள்ளை! ஓட்டம்டா, ஓட்டம்!” அப்படியே நடக்கும். அப்படியும் லைல் அவரைத் தள்ளிவிடுவார், பாதி நேரம்.

இந்த வெளுப்பு தனக்கு முதல் வருடத்திலிருந்தே தெரியும், வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன் என்பது லைலின் வாக்குமூலம். அவர் மனைவி ரோண்டாவைக் கேட்டால், “மூணு வருஷம் முன்னாடி டிவில யாரோ சொன்னாங்க. அப்பத்தான் தூக்கித் தூக்கி விரலைப் பாத்தாரு. ராத்திரி சாப்பிடும்போதும் அதே வேலை” என்பார். இரண்டையும் நான் நம்புகிறேன். ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு உண்மை இல்லாத கல்யாணம் எங்கே இருக்கிறது?

புதிய பயிற்சியாளர் ஹாலிகன் லைலைவிட இரண்டு வயது மூத்தவர், எடையிலும் பேச்சிலும் பாதி. முதல் வாரமே லைலை அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“டைட் எண்டுக்கு மூணு இடம் வெச்சிருக்கேன். நீ நாலாவது. மூடி மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது.”

“நல்லது கோச். காரணம்?”

“நீ உள்ள வந்தாலே ஓட்டம்னு ஐஸ்கிரீம் விக்கிறவனுக்கும் தெரியுது. இன்னும் நான் எதுக்குத் திட்டம் போடணும்?”

“அதான் கோச் என் சொத்து.”

ஹாலிகன் நிமிர்ந்து பார்த்தார்.

“பதினோரு வருஷமா என் விரலு ஒரு பொய் சொன்னதில்ல. டொலீடோக்காரங்க ரெண்டு நாள் நம்மளோட சேர்ந்து பயிற்சிக்கு வராங்கல்ல? எனக்கு ஒரே ஒரு வாய்ப்பு கொடுங்க. விரலு வெள்ளையா இருக்கும். பந்து என்கிட்ட வரணும்.”

சொல்வது சுலபம். உடம்பின் பாரத்தை முழுக்க விரலில் இறக்கியவன் சட்டென்று எழுந்து ஓட முடியாது. முப்பத்து நான்கு வயது முழங்காலால் நிச்சயம் முடியாது. அதனால் அந்தக் கோடை முழுவதும் தன் வீட்டு கார் நிறுத்துமிடத்தில் லைல் குனிந்தார், வெளுத்தார், எழுந்தார், ஓடினார். பந்து வீசியது ரோண்டா. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், கோடை விடுமுறையில் வேலையில்லை, கையில் வலு நிறைய.

“பிடிடா! மேல விழுந்தா பூந்தொட்டிக்குக் காசு யாரு தருவா?”

“கொஞ்சம் மெதுவாத்தான் வீசேன்டி.”

“அறுபது புள்ளைங்களை அடக்குற கை இது. மெதுவா வராது.”

மூன்று பூந்தொட்டிகள் போயின. ஜூலைக் கடைசியில் வெள்ளை விரலோடு எழுந்து ஓடும் ஒரு மனிதன் தயாரானார்.

அரசியல்வாதி ஒருவரிடம் பதினோரு வருடம் பயன்படுத்தாத பொய் ஒன்று கிடைத்தால் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். கேள்வியே தப்பு. பதினோரு நிமிடம் தாங்காது.

கூட்டுப் பயிற்சியின் இரண்டாம் நாள், நல்ல வெயில். வேலியோரம் மடக்கு நாற்காலிகளில் பாதி ஊர் உட்கார்ந்து பெப்பரோனி இறைச்சி அடைத்த ரொட்டி உருண்டை தின்றுகொண்டிருந்தது. அன்றைக்குக் கடைசி முறையாகப் பந்து கிளம்பப் போகிறது. எல்லைக்கோட்டுக்கு ஐந்து கஜம். ஹாலிகன் லைலை உள்ளே அனுப்பியதும் நாற்காலிகளிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. எங்கள் ஆட்கள்தான்.

வட்டமாகக் கூடியபோது, பந்து வீசும் டிரெவினிடம் லைல் சொன்னார்: “தம்பி, இந்த முறை என்னைப் பாரு.”

“உங்களையா அண்ணே? எதுக்கு?”

இரண்டு வருடமாக ஒரே அணி. அவன் கேட்டதில் குற்றமில்லை.

லைல் குனிந்தார். எதிரே டோல்ஸ்.

“பொண்ணு எப்படி இருக்கா கிழவா?”

“பல்லுக்குக் கம்பி போட்டிருக்கு.”

“பாவம். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடு. சரி, இப்ப உன்னைப் பொளக்கப் போறேன்.” எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “வெள்ளை! ஓட்டம்டா, ஓட்டம்!”

நாற்காலிகளிலிருந்து எங்கள் ஊர்க்காரர்களே கூடச் சேர்ந்து கத்தினார்கள்: “ஓட்டம்!”

பந்து கிளம்பியது. லைல் டோல்ஸின் தோளில் ஒரு இடி இடித்தார், பழைய இடி, மனப்பாடமான இடி. டோல்ஸ் அதைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து, ஓடி வந்தவனை மார்போடு கட்டிப் பிடித்தார். அவன் கையில் பந்து இல்லை. பந்து டிரெவினிடம் இருந்தது. லைல் எல்லைக்கோட்டைத் தாண்டி, பத்து கஜத்துக்கு ஒரு மனித வாசனை இல்லாமல் தனியாக நின்றார். டிரெவின் ஒரு கணம் அவரைப் பார்த்தும் நம்பவில்லை. பிறகு வீசினான். ரோண்டாவின் வீச்சைவிட மெதுவான பந்து. லைல் அதை ரொட்டிக் கடையில் பொட்டலம் வாங்குகிறவரைப் போல வாங்கிக்கொண்டார்.

டோல்ஸ் கட்டிப் பிடித்தவனை இன்னும் விடவில்லை. “ஒன்பது வருஷம்!” என்று கத்தினார். “ஒன்பது வருஷம் உன்னை நம்பினேன்டா!”

பயிற்சியில் பிடித்த பந்து கணக்கில் ஏறாது. இப்போதும் நாற்பத்து மூன்றுதான். அன்று மாலை ஊரில் ஒரே பேச்சு: இத்தனை அருமையான பொய்யைக் கோப்பைக்கு வைத்துக்கொள்ளாமல் பயிற்சியில் போய் வீணாக்குவானா ஒருவன்?

தொண்ணூறு பேரை ஐம்பத்து மூன்றாகக் குறைக்கும் காலை வந்தது. எங்கள் அணியில் அந்தச் செய்தியைச் சொல்ல ஆர்லோ என்று ஒருவர் உண்டு. சிற்றுண்டி அறைக்குள் பூனை மாதிரி வருவார், மேசை அருகே குனிவார், எப்போதும் ஒரே வாசகம்: “கோச் கூப்பிடுறாரு. திட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்க.” புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் வேலை போயிற்று என்று அர்த்தம். பதினோரு வருடமாக அவர் லைலின் மேசையைத் தாண்டிப் போனவர். அன்று நின்றார்.

“கோச் கூப்பிடுறாரு.”

லைல் காத்திருந்தார். ஆர்லோ அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார்.

“புத்தகம்?”

“அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

“அப்ப இந்த முட்டையை முடிச்சுட்டு வரேன்னு சொல்லுங்க.” முடித்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கினார்.

ஹாலிகன் சுவர்த் திரையில் ஒரு படத்தை நிறுத்தி வைத்திருந்தார். வெளுத்த ஐந்து நுனிகள், எட்டிப் பார்க்கும் டோல்ஸின் மகிழ்ச்சி.

“இதை டொலீடோவோட லீக் ஆட்டத்துக்கு வெச்சிருக்கலாமே? வீணடிச்சிட்டியே.”

“லீக் ஆட்டத்துல நான் இருந்திருக்க மாட்டேன் கோச்.”

“சரி. இனி இது செல்லாதே?”

“இனிமேதான் செல்லும். இது வரைக்கும் அவனுக்கு ஒரே வேலை, விரலைப் பாக்கறது. இனி பாக்கணும், அப்புறம் நம்பலாமா வேணாமான்னு யோசிக்கணும். யோசிக்கிறவன் அரை நொடி லேட்டு. என்னை மாதிரி ஆளுக்கு அரை நொடி ஒரு சம்பளக் கமிஷன்.”

ஹாலிகன் நாலாவது டைட் எண்டுக்கும் ஒரு இடம் கண்டுபிடித்தார். எப்படி என்று கேட்கக் கூடாது. உபரி உதைப்பாளர் ஒருவர் வீட்டுக்குப் போனார்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் டொலீடோவில் லீக் ஆட்டம். லைல் உள்ளே வந்தார், குனிந்தார். டோல்ஸ் எட்டிப் பார்த்தார். விரல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

“வெ…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

“கத்து,” என்றார் லைல். “ஓட்டம்தான்.”

“வாயை மூடு. பொண்ணு பல்லு?”

“கம்பி எடுத்தாச்சு.”

டோல்ஸ் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். பந்து கிளம்பிவிட்டது. லைல் பதினோரு வருடமாகச் செய்ததையே செய்தார். டோல்ஸ் மல்லாந்து விழுந்தார், ஓட்டக்காரன் அந்த வழியாக முப்பது கஜம் போனான்.

லைல் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். டோல்ஸ் அந்தக் கையை விடவில்லை.

“கம்பி நெஜமாவே எடுத்தாச்சா?”