மெட்ராஸிலிருந்து நாலு மணி நேரம்

எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். எனக்கும் என் தங்கைக்கும் ஒரே மாதத்தில் பிரசவம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். நான் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தேன். தங்கை சிங்கப்பூரில். இரண்டு பேருக்கும் தலைப்பிரசவம். மெட்ராஸில் இருந்த அம்மாவோ ஒருத்திதான்.

ஆபரேட்டரிடம் சொல்லிவைத்துக் காத்திருந்து அம்மாவின் பக்கத்து வீட்டுக்கு போன் போட்டேன். மூச்சு வாங்க வந்து பேசினாள்.

"நீதான் பெரியவ. உன்கிட்டதான் நான் வரணும்."

குரலில் உறுதி இல்லை. அம்மா அதுவரை விமானம் ஏறியதே கிடையாது. முழங்கால் வலியோடு பம்பாய், லண்டன் என்று மாறி மாறி ஏறி, ஒன்றரை நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர வேண்டும். தங்கை வீடு ஆயிரத்து எண்ணூறு மைல்தான். நேராகப் போனால் நாலு மணி நேரம்.

"நீ அவகிட்டயே போம்மா. இங்க ஆஸ்பத்திரியில எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க," என்றேன்.

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான்."

ரிசீவரை வைத்தபோது கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கிளம்பிய ராத்திரி எங்களுக்கு மத்தியானம். வெளியே பனி கொட்டியது. படுத்தால் படுக்க முடியவில்லை. இந்நேரம் கடலுக்கு மேலே இருப்பாள், பெல்ட் போடத் தெரிந்திருக்குமா, சாப்பாட்டில் முட்டை இருந்தால் என்ன செய்வாள் என்று ஏதேதோ ஓடியது. இருட்டிய பிறகு தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அம்மா வந்துட்டாங்க அக்கா. இந்தா, பேசு."

அம்மாவின் குரல் துள்ளியது. "சாப்பிட்டுட்டு லேசா கண் அசந்தேன். அதுக்குள்ள ஊர் வந்துடுச்சுன்னு எழுப்பிட்டாங்க. இவ்வளவு கிட்டன்னு எனக்குத் தெரியவே தெரியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "உன்னையும் இந்தப் பக்கமாவே கட்டிக்கொடுத்திருக்கலாம்."

"சும்மா இரும்மா," என்றேன். அம்மாவுக்குப் பின்னால் தங்கை எதற்கோ சிரிப்பது கேட்டது. அந்த அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால்கூடப் போதும் என்றிருந்தது.

தங்கைக்குப் பையன் பிறந்தான். சில நாள் கழித்து எனக்குப் பெண். கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி தினமும் பிள்ளை பெற்றவளுக்கென்று மிளகும் மல்லியும் அரைத்துச் சரக்குக் கறி வைத்துக்கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே இருப்பார். "சூட்டோட சாப்பிடுங்கோ பிள்ளை," என்பார். சாப்பிடுவேன். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன்.

அம்மா இங்கே வந்தது குழந்தைக்கு ஒன்றரை வயசான பிறகு. ஏர்போர்ட்டில் வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டு காலும் வீங்கியிருந்தன. குழந்தை அவளைப் பார்த்து வீறிட்டு அழுதது.

மறுநாள் காலையில் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரமப்பட்டு பாத்டப்புக்குள் இறங்கிக் கால் நீட்டி உட்கார்ந்தாள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி என் மகளைக் காலில் போட்டுக்கொண்டாள். மகள் அந்தக் காலில் கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் கையும் காலும் வழிந்து தொங்கின.

"அவ ஓட ஆரம்பிச்சுட்டாம்மா," என்றேன்.

"தெரியுது. நீ பேசாம வெந்நீர் ஊத்து."

ஊற்றினேன்.