முன்னுரையில் ஒரு வரி

கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலைக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் கண்ணாடியக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வரும். "ஏன், கவிதை எழுதுறவளுக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்காதா?" என்பாள். இருபத்திரண்டு வருடமாக ஒரே கடை, ஒரே முக்காலி. வந்தவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரில் உள்ள எழுத்துகளை வாசிப்பார். இவள் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல இதுவா?" என்று கேட்பாள். நாளுக்கு நூறு தடவை கேட்டாலும் அவளுக்குச் சலிக்காது. வீட்டில் கணவர் ஒரு பேச்சுக்குத் தலைவலி என்றால்கூட எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்று குடைந்தெடுத்துவிடுவாள். பஸ் டிப்போ மெக்கானிக்கான அவர், "இன்ஜினே உன்கிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கும் தாயே" என்று கும்பிடுவார்.

மனித உரிமைக் குழுவுக்குள் அவளை இழுத்துவிட்டதும் அந்தக் கடைதான். பதினோரு வருடத்துக்கு முன்பு கண் பரிசோதிக்க வந்த வக்கீல் ஒருவர், அவள் எழுதிக் கொடுத்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அச்சுல அடிச்ச மாதிரி இருக்கேம்மா கையெழுத்து. லீவு நாள்ல எங்க ஆபீசுக்குக் கொஞ்சம் வாயேன்."

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரே ஒரு அறை. இரண்டு மேஜை, முனகுகிற ஒரு ஃபேன், சுவர் தெரியாமல் ஃபைல். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களின் அம்மாக்களும் மனைவிகளும் அங்கே வந்து உட்கார்ந்து சொல்வார்கள். அதை அவள் எழுத வேண்டும்.

அங்கேதான் அவளுடைய குடைச்சல் புத்தி கைகொடுத்தது. அழுகையை வைத்து மனுப் போட முடியாது. அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் இருந்துவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, மெதுவாக ஆரம்பிப்பாள். "அப்ப மணி என்ன இருக்கும்? செருப்பு போட்டிருந்தாரா? வண்டி என்ன கலர்?" கேட்கக் கேட்க, அவர்களே மறந்துபோனதெல்லாம் வெளியே வரும். மனுவில் சேர்க்க முடியாதது நிறைய மிஞ்சும். அது ஒரு நோட்டுக்குள் போகும். பள்ளிக்கூட நாளிலிருந்து நிலா, மழை, யாரோ ஒருவன் என்று எழுதிக்கொண்டிருந்தவள், அந்த நோட்டைத் திறந்த பிறகு நிலாவின் பக்கமே போகவில்லை. முதல் தொகுப்புக்கு நல்ல பேர். பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் பேட்டிகூட வந்தது.

துணி தைத்துப் பிழைக்கிற தையலம்மா மாடியேறி வந்தது இரண்டு வருடத்துக்கு முன். லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒரே மகன். பட்டறை வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதுதான் அவன் செய்த தப்பு. வீட்டுக்கு வருகிற வழியில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் கேட்டால், அப்படி யாரும் வரவில்லை என்கிறார்கள். சட்டையில் ஏதாவது அடையாளம் உண்டா என்று கண்ணாடியக்கா கேட்டாள்.

"நீலக் கட்டம் போட்ட சட்டைம்மா. மூணாவது பொத்தான் மட்டும் கறுப்பு. பேசும்போது அதைத் திருகிக்கிட்டே இருப்பான், பிஞ்சிடும். அதான் ரெட்டை நூல் போட்டுத் தச்சேன்."

பிடித்துக்கொண்டு போன ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கிற ஆட்கொணர்வு மனுவின் நான்காவது பத்தியில் இது அப்படியே ஏறியது. அதோடு விட்டிருக்கலாம். விட்டாளா மகராசி! வாய்தா மேல் வாய்தாவாக மாதங்கள் ஓடின, ஒரு தடயமும் கிடைக்கவில்லை. பையன் உயிரோடு இல்லை என்று அவள் மனதுக்குள் முடிவுகட்டிவிட்டாள். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை, எழுதினாள்.

*இரட்டை நூல் போட்டுத் தைத்த
கறுப்புப் பொத்தான்
மண்ணுக்கு அடியில்
இன்னும் கழன்று விழவில்லை.*

இரண்டாவது தொகுப்பில் அது வந்தது. முதல் தொகுப்பு கொடுத்த மிதப்பு வேறு இருந்ததா, முன்னுரையில் ஒரு வரியும் சேர்த்தாள்: 'இந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை.'

அடுத்த வாய்தாவுக்கு அரசு வக்கீல் அந்தப் புத்தகத்தோடு வந்தார். கவிதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாட வந்த முதல் அரசு வக்கீல் அவராகத்தான் இருக்கும். முன்னுரையைப் படித்தார். கவிதையைப் படித்தார். அப்புறம் மனுவின் நான்காவது பத்தி. "பொத்தான் ஒண்ணு, நூல் ஒண்ணு, எழுதின கையும் ஒண்ணு. பையன் செத்துட்டான்னு இவங்களுக்கே தெரியும். செத்தவரை எங்கேயிருந்து கொண்டுவந்து நிறுத்துறது? மனுவைத் தள்ளுபடி செய்யணும்."

தள்ளுபடியானால் அந்தப் பையனைப் பற்றி இனி ஸ்டேஷனை யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. எழுதியவர் அடுத்த திங்கட்கிழமை நேரில் வர வேண்டும் என்றார் நீதிபதி. பின் பெஞ்சில் இருந்த தையலம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கவிதை ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினாள்.

கண்ணாடியக்கா மறுநாளே அவள் வீட்டுக்குப் போனாள். "அம்மா" என்றாள். தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு துணி முடிந்து அடுத்த துணியும் ஊசிக்கு அடியில் போனது. நிமிர்ந்து பார்க்கவில்லை. வியாழக்கிழமையும் அதே கதைதான்.

"கவிதைன்னா அப்படித்தான்னு சொல்லிட்டு வந்துடேன்" என்றார் கணவர்.

"முன்னுரையை என்ன பண்றதாம்?"

"அதையும் கவிதைன்னு சொல்லு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அந்த வரி பொய் என்று கோர்ட்டில் சொன்னால், மறுநாள் பேப்பரில் புத்தகமே பொய் என்றுதான் வரும். அதில் இருக்கிற இத்தனை பெண்களின் வார்த்தையும் சேர்ந்து அடிபடும். அதுமட்டுமா, தன் பேரும் போகும். அந்தப் பயமும் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

திங்கட்கிழமை கூண்டில் ஏறி நின்றாள்.

"உடலைப் பார்த்தீங்களா?" என்றார் நீதிபதி.

"இல்லைங்க ஐயா."

"பார்த்தவங்க யாராவது சொன்னாங்களா?"

"இல்லை."

"எந்த இடத்துல புதைச்சாங்கன்னு தெரியுமா?"

ஊரையெல்லாம் துருவித் துருவிக் கேட்டவள் இந்த மூன்று கேள்வியை மட்டும் தன்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"தெரியாதுங்க ஐயா. நானா நினைச்சுக்கிட்டேன். முன்னுரையில அந்த வரியைப் பெருமைக்காக எழுதினேன். அது பொய்."

"அப்போ புத்தகம் முழுக்கப் பொய்தானா?" அரசு வக்கீல் சிரித்தார்.

"இந்தக் கவிதை பொய். மத்ததைத் தனித்தனியாக் கேளுங்க, தனித்தனியாச் சொல்றேன்."

மனு நிற்கும் என்றார் நீதிபதி. அன்றைய ஜீப் எந்தெந்த இடத்துக்குப் போனது என்ற பதிவேட்டோடு, அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் நான்கு வாரத்தில் நேரில் வர வேண்டும் என்று உத்தரவு எழுதினார். குழு வக்கீல் சந்தோஷம் வெளியே தெரியாமல் மேஜைக்கு அடியில் கையை இறுக்கி மூடிக்கொண்டார்.

வராந்தாவில் தையலம்மா தூணோரமாக நின்றிருந்தாள். கண்ணாடியக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"உள்ள சொன்னியே, அது கேஸுக்காகச் சொன்னதா?" தையலம்மாவே கேட்டாள். "நெசமாவே உனக்குத் தெரியாதா?"

"நெசமாவே தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். தப்புதான்."

தையலம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாதுன்னா சரி. தெரிஞ்சுக்கிட்டு எங்கிட்ட மறைச்சுட்டியோன்னுதான் ஒரு வாரமா உசுரே இல்லை. நீ எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிற ஆளாச்சே."