செவலைக்கோழிக்கு ஒரு பலகை

அம்மாவும் அப்பாவும் பெங்களூருக்குப் போனபோது, என்னையும் ஒரு செவலைக்கோழியையும் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாட்ச்மேன் வேலை. அம்மாவுக்கு அங்கேயே ஒரு வீட்டில் சமையல். தங்குவதற்குப் படிக்கட்டின் கீழ் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதில் பிள்ளைகள் கூடாதாம். கோழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் கூடாதென்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பெரியம்மாவின் ஊர் அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. பெரியம்மா நல்லவள்தான், ஆனால் விடிந்தால் காட்டு வேலைக்குப் போய்விடுவாள். பெரியப்பா அளந்து பேசுகிறவர். அவர்கள் மகன் ஹாஸ்டலில் படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த வீட்டில் ஒரு பேச்சுக்குரல் இருக்காது. எனக்கு அந்த வீடு பிடிக்கவே இல்லை.

செவலைக்கும் பிடிக்கவில்லை. புதுக்கோழி ஓடிப்போகாமலிருக்க, வீடு பழகும்வரை காலில் கயிறு கட்டிப் போடுவது வழக்கம். கயிற்றை அவிழ்த்த பிறகுதான் வம்பே வந்தது. எங்கள் வீட்டில் இருட்டினால் அம்மா அதைக் கூடையில் கவிழ்த்துவிடுவாள். இங்கே கூடையை நாய் புரட்டிவிடும் என்று, கோழிகளெல்லாம் மாட்டுக்கொட்டாயில் குறுக்கே கட்டிய மூங்கிலில்தான் அடையும். அம்மா கையால் ராகி தின்று கொழுத்த செவலை எப்படியோ தட்டுத்தடுமாறி மேலே ஏறிவிடும். விடிந்ததும் மற்ற கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டு இறங்கும். இது மட்டும் கல் தரையில் தொப்பென்று விழும். சீக்கிரமே பாதம் வீங்கி நொண்ட ஆரம்பித்தது.

பெரியப்பா பார்த்தார். “நொண்டிக்கோழிய வெச்சிகிட்டு என்ன பண்றது? ஞாயித்துக்கெழம என் தங்கச்சி வூட்டுக்காரங்க வராங்க. அடிச்சிரலாம்.”

அன்று அம்மா போனில் கூப்பிட்டபோது தேம்பித் தேம்பி அழுதேன். நீ வந்தால்தான் ஆச்சு என்று ஒரே பிடிவாதம். “லீவு கேட்டா வேற ஆளு வெச்சிக்கறேங்கறாங்க கண்ணு,” என்றாள் அம்மா. நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. போனை வாங்கி வைத்த பெரியம்மாதான், “அது தானா ஏறி எறங்குனா யாரு அடிக்கப் போறா? நான் சொல்லிக்கறேன் உங்க பெரியப்பாகிட்ட,” என்றாள்.

கொட்டாயில் கிடந்த பழைய பலகை ஒன்றை இழுத்துவந்து மூங்கிலில் சாய்த்தேன். அதன் மேல் ராகியைத் தூவினேன். வீட்டுக்கோழிகள் கூட்டமாக வந்து ராகியைத் தின்றுவிட்டு, பறந்தே மூங்கிலுக்குப் போய்விட்டன. செவலை இரண்டடி வைத்து வழுக்கி விழுந்து, குற்றவாளி நான்தான் என்பதுபோல் என்னையே பார்த்தது. மறுநாள் பலகையைச் சுற்றி, மாடு கட்டின பழைய கயிற்றைப் படிகள் மாதிரி வரிந்து கட்டினேன். கீழே கோணிச்சாக்கில் வைக்கோலைப் பரப்பினேன். செவலை விழாதபடி அதன் பின்னால் கையை அணைவாக வைத்துக்கொண்டே நான் மெல்ல நகர, அது ஒவ்வொரு வரிக்கயிற்றாகப் பற்றி ஏறியது. காலையில் இறக்கியும் விட்டேன். அப்படியே பழக்கினேன். பேசுவதற்கு எனக்கும் ஒரு ஆள் கிடைத்ததுபோல், பள்ளிக்கூடத்தில் நடந்ததெல்லாம் அதனிடம்தான் சொன்னேன்.

சனிக்கிழமை பொழுது சாயும்போது, நான் தொடாமலே செவலை நொண்டி நொண்டி மேலே போய், வீட்டுக்கோழிகளை இடித்துத் தள்ளி உட்கார்ந்தது. பெரியப்பா நின்று பார்த்தார். “செரி, போவுது உடு. வேறத அடிச்சிக்கலாம்,” என்றார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் வந்தது. அவளைப் பேசவே விடவில்லை நான்.

“அம்மா, செவல தானாவே ஏறிக்குது! பெரியப்பா அடிக்க மாட்டேன்னுட்டாரு. நீ ஒண்ணும் வர வேணாம். பண்டிகைக்கு வந்தாப் போதும்.”

“நீ அழுவலியா சாமி?” என்று கேட்டாள்.

“இல்லியே.”

“நெசமாவா?”

“நெசமாத்தாம்மா.”

“செரி சாமி,” என்றாள். “செரி.”

அம்மா எப்போதும் படிக்கட்டு அறையிலிருந்து பேசுவாள், சத்தமே இருக்காது. அன்று ஒரே இரைச்சல். வேலை போனாலும் போகட்டும் என்று துணிப்பையோடு அவள் பஸ் ஸ்டாண்டுவரை வந்துவிட்டதும், என் பேச்சைக் கேட்டுத் திரும்பி நடந்ததும், பல வருஷம் கழித்து அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் குரலுக்குப் பின்னால் யாரோ “தர்மபுரி, அரூர், அரூர்” என்று கூவுவது மட்டும் கேட்டது. அவ்வளவு பெரிய பெங்களூரில்கூட எங்கள் அரூரைத் தெரிந்து வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.