இரவல் முட்டி

முட்டியைப் பார்க்க வேண்டும் என்று வேங்கிக்கால் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பெண் சொல்லி முடிப்பதற்குள் நான் புடவையை முட்டிக்கு மேலே ஏற்றிவிட்டேன். கூட வந்த மருமகள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்கு வெட்கம். எனக்கு இல்லை. அந்தப் பெண் காலை மடக்கினாள், நீட்டினாள், முட்டிச் சிப்பியின் மேல் உள்ளங்கையை வைத்து ஏதோ நறநறப்பதைக் கேட்டாள். பிறகு உள்பக்க இடுக்கில் கட்டைவிரலை அழுத்தி, "இங்கயா ஆயா?" என்றாள். அங்கேதான். அந்த இடம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அப்போது நாங்கள் அடி அண்ணாமலையில் இருந்தோம். அம்மா மல்லாட்டைக் கொல்லைக்கு, வேர்க்கடலை போட்ட நிலத்துக்கு, களை வெட்டப் போவாள். நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை அது. குந்தினால் குந்தினபடியே, கையில் களைக்கொத்தோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்ந்து போக வேண்டும். எப்போதும் அம்மாவின் வரிசைதான் முன்னால் போகும். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. எனக்கும் அது உண்டு, மறைப்பானேன்.

அந்த வருஷம் அவளுடைய வலது முட்டி வீங்கிக்கொண்டே போனது. ஆமணக்கு இலையை அனலில் வாட்டிக் கட்டுவாள், வேலைக்குப் போவாள், வந்து மறுபடியும் கட்டுவாள். கட்டை அவிழ்க்கும்போது பார்த்திருக்கிறேன். சிப்பி இருக்கிற இடமே தெரியாது. தொட்டால் சுடும். அவளால் எழுந்து அடுப்பு மூட்ட முடியாமல் போன ஒரு நாளில்தான் அப்பா டவுனுக்கு அழைத்துப் போனார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் நல்ல மனுஷர். எழும்போது வலிக்கிறதா, படி ஏறினால் வலிக்கிறதா, படுத்தாலும் வலிக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு புடவையைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். அம்மா காதில் விழாதவள்போல் சுவரைப் பார்த்தாள்.

"காட்டாம எப்படிம்மா பாக்கிறது?"

"பொம்பளைங்க யாரும் இல்லீங்களா?"

யாரும் இல்லை. கதவோரம் நின்றிருந்த அப்பா, "மகாராணி காலு, ஊரு ஒலகத்துல இல்லாத காலு" என்றார். அவள் காட்டியிருந்தால் வீட்டுக்குப் போனதும் அதே வாய் வேறு விதமாகப் பேசியிருக்கும். எனக்கு அது அப்போது தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். என்னை இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"காலுன்னா எல்லாம் ஒண்ணுதானுங்களே. பாப்பா கால்ல பாருங்க. எங்க வலிக்குதுன்னு நான் சொல்றேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். வெளியே கூட்டம் காத்திருந்தது. என்ன செய்வார் பாவம், குனிந்து என் காலைப் பிடித்தார். சிப்பிக்கு மேலே அழுத்தினார். இல்லீங்க என்றாள் அம்மா. கீழே அழுத்தினார். இல்லீங்க. உள்பக்க இடுக்கில் கட்டைவிரலை வைத்தார். எனக்குக் கூசியது, சிரித்தேன். அம்மா 'ஸ்ஸ்' என்று பல்லைக் கடித்தாள். என் முட்டியில் வீக்கமும் இல்லை, சூடும் இல்லை. அவர் கை அதை எங்கே போய்த் தேடும்?

எங்கே, குந்தி எழுந்து காட்டு என்றார் அம்மாவிடம்.

"களை வெட்டறவளுக்குக் குந்தத் தெரியாதுங்களா?" என்று சொல்லி, தரையில் கை ஊன்றாமல் குந்தி எழுந்தாள். எழும்போது மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அதற்குள் டாக்டர் மருந்து எழுதக் குனிந்துவிட்டார். வேலை ஜாஸ்தியானதால் வந்த தேய்மானம்தான், தைலம் தேய், கொஞ்ச நாள் குந்தாதே என்றார்.

"குந்தாம எப்படிங்க களை வெட்டறது?"

அவர் சீட்டை அப்பாவிடம் நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும், டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னதாக எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். அம்மா தைலம் தேய்த்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அடுத்த களைக்குள் முட்டி மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தபோது உள்ளே சீழ் வைத்து எலும்பு அரித்திருந்தது. ஒருவர் கையை வைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே என்று அங்கே கேட்டார்கள். உயிர் தப்பியது, கால் நீளவில்லை. அதன்பிறகு அம்மா வீட்டுக்குள் கையை ஊன்றித் தேய்த்துத் தேய்த்துத்தான் நகர்ந்தாள்.

அவளுடைய வரிசை காலியாகக் கிடக்க முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தினார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு வந்திருந்தது.

முதல் நாள் காலையில் அம்மாதான் கொத்தை எடுத்துக் கொடுத்தாள். குந்திக் காட்டச் சொன்னாள். குந்தினேன். நகர்ந்து வந்து என் இரண்டு முட்டிகளையும் கைகளால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. அவள் அழுவதைப் பார்த்து, நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாளாக்கும் என நினைத்தேன்.

"டாக்டரே பாத்து நல்லா இருக்குன்னு சொன்ன முட்டிம்மா இது" என்றேன்.