இடது சீட்டு கோமளா

மேட்டுப்பாளையத்தில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப்பேர் கோமளாவிடம் படித்தவர்கள். பேங்க் ஆபீசரம்மா, பாக்கு மண்டிக்காரர் ஊட்டு மருமகள், பள்ளிக்கூட டீச்சர் எல்லாரும் அவளுடைய வெள்ளை ஃபியட்டில்தான் முதன்முதலாகக் கிளட்ச் மிதித்தார்கள்.

அந்தக் காரை வாங்கியது கணவன் தம்பிதுரை. வாங்கின வருஷமே காரமடை ரோட்டில் ஒரு புளியமரத்தில் கொண்டுபோய் இடித்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் விட்டுப்போயிற்று. அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கார் சும்மா நிற்பது பொறுக்காமல் கோமளா ஓட்டக் கற்றுக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் "எங்களுக்குஞ் சொல்லிக்குடுங்க அக்கா" என்று வந்து நின்றார்கள். இடது பக்கமும் ஒரு பிரேக் பெடல் வைத்து, கூரைமேல் போர்டு மாட்டினாள். டிரைவிங் ஸ்கூல் பிறந்தது.

ஆனால் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் வண்டி ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முப்பது வயதில் இடது சீட்டில் ஏறியவள் ஐம்பது தாண்டியும் அங்கேயே இருந்தாள். அடுத்தவர் பயத்தையெல்லாம் வாங்கி வாங்கி வலது கால் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். ஸ்கூலுக்குப் புது வண்டிகள் வந்ததும் ஃபியட் கொட்டகைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டார்ட் பண்ணி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு அணைப்பாள்.

பழைய மாணவி ஹுமேரா ஒருநாள் போன் பண்ணினாள். கோயமுத்தூரில் பல் டாக்டர். பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்றில் இருக்கிறாள்.

"அக்கா, செட்டிபாளையம் ரேஸ் டிராக்குல பழைய வண்டிக்குன்னு ஒரு நாள் விடறாங்க. போட்டியெல்லாம் இல்லீங்க, ஓட்டிப் பாக்கறதுதான். நம்ம ஃபியட்டைக் கொண்டு வாங்களேன்."

"எனக்கெதுக்கு அம்மணி அதெல்லாம்?" என்று சொல்லிப் போனை வைத்தாள். சாயந்திரம் அவளே திரும்பக் கூப்பிட்டு, "எவ்வளவு வேகம் போலாமுங்க?" என்று கேட்டாள்.

உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் முகமது யூசுப்தான் அந்தக் காருக்கு ஆரம்பத்திலிருந்து வைத்தியர். விஷயத்தைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. காரைத் தூக்கி நிறுத்தி, நாலு சக்கரத்தையும் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இஞ்சினு நல்லாருக்குதுங்க்கா. வேகமாப் போறது பெரிசில்ல, நிக்கோணுமில்லீங்க?"

பிரேக் ஆயில் டீ டிக்காஷன் மாதிரி கறுத்திருந்தது. ரப்பர் ஹோஸ் விரலால் வளைத்தால் வெடிப்பு விட்டது. டயரில் பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும் வெயிலில் கிடந்து கல்லாகியிருந்தது. எல்லாம் மாற்றினார். கயிற்றால் கட்டியிருந்த பேட்டரிக்கு இரும்புப் பட்டை அடித்தார். புது சீட் பெல்ட் போட்டார். டேஷ்போர்டுப் பிள்ளையாரைக்கூடக் கழற்றச் சொன்னார். "வளைவுல பறந்து வந்து மூஞ்சில அடிக்குமுங்க."

இடது பெடலைக் கழற்றக் குனிந்தபோதுதான் கோமளா தடுத்தாள். "அது இருக்கட்டுமுங்க."

"அங்க யாருங்க்கா மிதிக்கப் போறாங்க?"

கழற்றின பிள்ளையாரைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். பெடல் இருந்தது.

அந்த நாளன்று, வரமாட்டேன் என்று சொல்லியிருந்த தம்பிதுரையும் விடியுமுன்னே குளித்துவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். செட்டிபாளையத்தில் பளபளவென்று நின்ற கார்களுக்கு நடுவே ஃபியட், கல்யாண வீட்டுக்கு வேலைத்துணியில் வந்தவள் மாதிரி நின்றது. வண்டிகளைச் சோதிக்கிறவர் உள்ளே எட்டிப் பார்த்ததும் கைகாட்டினார்.

"இந்த ரெண்டாவது பிரேக் கூடாதுங்க மேடம். பக்கத்துல இருக்கறவரு பயந்து மிதிச்சா வண்டி சுத்தீரும்."

கூடவே வந்திருந்த யூசுப் ஸ்பேனரோடு கீழே படுத்தார். கழற்றின பெடலைத் தம்பிதுரை வாங்கிக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டான். கோமளாவின் கொண்டை ஹெல்மெட்டுக்குள் போகாததால் ஹுமேரா அதை அவிழ்த்துச் சடை பின்னிவிட்டாள்.

முதல் தடவை ஓட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் உட்கார வேண்டும் என்பது விதி. கோமளாவுக்கு ரூபன் என்கிற ரேஸ் டிரைவர் வந்தான். முப்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசினான்; ஆனால் விடவில்லை.

"பிரேக்கை இப்பவே பிடிக்காதீங்க மேடம். இன்னும் வளைவே வரலீங்க."

"செரிங்க தம்பி."

"மிதிங்க, மிதிங்க. ஏன் காலை எடுக்கறீங்க?"

நேர் ரோட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்த நினைத்தாள். கால் கேட்கவில்லை. காதுப்பக்கம் ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. 'ஐயோ, என்கிட்டப் படிச்ச புள்ளைக எல்லாம் இப்படித்தான் தவிச்சிருக்கும்' என்று அப்போதுதான் உறைத்தது. எத்தனை பேரை அதட்டியிருக்கிறோம்!

இரண்டு சுற்றுக்கப்புறம் என்னவோ இளகியது. வளைவு எங்கே தொடங்குகிறது, வண்டி எங்கே சாயப் பார்க்கிறது என்பதெல்லாம் இடுப்புக்குத் தெரிய ஆரம்பித்தது. நேர் ரோட்டில் காலை முழுசாக அழுத்தினாள். ஃபியட் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. "அப்படித்தானுங்க!" என்று கத்தினான் ரூபன்.

அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கருகின வாசம் வந்தது.

கோமளா பெடலை விட்டு விட்டு மிதித்துக்கொண்டே, ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த கியர் கம்பியை மூன்றுக்கு இழுத்தாள். வண்டி முனகி வேகம் இறங்கியதும் இரண்டுக்கு. அகலமாக வளைந்து, ஓரம் தொட்டு, தாண்டினாள். ஜன்னல் வழியே கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு மெல்ல உருட்டி உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தாள். ரூபனின் வலது கால், பெடல் இருந்த இடத்தில் வெறுந்தரையைப் பலமாக மிதித்துக்கொண்டிருந்தது.

"அங்க ஒன்னுமில்லீங்க தம்பி. காலையிலதான் கழட்டுனோம்."

அவன் காலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை.

சக்கரத்தில் புகையைக் கண்ட தம்பிதுரை தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தான். "ஊத்திப்போடாதீங்க! பிரேக் டிரம்மு வெடிச்சுரும்" என்று யூசுப் குறுக்கே விழுந்து தடுத்தார். தானாக ஆற வேண்டும் என்றார். காத்திருந்த நேரத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். தம்பிதுரை அவளிடம் போதுமென்று சொல்லவில்லை. "சூடு ஏறாம எப்படி ஓட்டறது?" என்று யூசுப்பிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

மத்தியானம் யூசுப் பிரேக்கை இறுக்கி, ஆயிலை மாற்றிக் கொடுத்தார். "கியர்லயே வேகத்தைப் பாதி எறக்கிருங்க, மிச்சத்துக்கு மட்டும் பிரேக்கு." இனி அவள் தனியாக ஓட்டலாம் என்று ரூபன் கையெழுத்துப் போட்டான்.

இடது சீட்டு காலியாக இருந்தது. கோமளா ஓட்டினாள். எல்லாக் கார்களும் அவளைத் தாண்டிப் போயின, வழிவிட்டாள். யாரையும் முந்தவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவில் முந்தின தடவையைவிடக் கொஞ்சம் நன்றாகத் திரும்பினாள். அது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

நேரம் முடிந்து கட்டம்போட்ட கொடியை ஆட்டினார்கள். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பின. ஃபியட் திரும்பவில்லை. யாருமில்லாத டிராக்கில், மேற்கே மதுக்கரை மலைப்பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருக்க, ஜன்னலைத் திறந்துவிட்டு நிதானமாக இன்னொரு சுற்றுப் போய்விட்டுத்தான் வந்தாள்.

ரூபன் ஓடி வந்தான். "கொடி ஆட்டுனோமே, பாக்கலீங்களா மேடம்?"

"அப்படீங்களா? கண்ணுலயே படலீங்க தம்பி" என்றாள் கோமளா, ஹெல்மெட்டைக் கழற்றியபடி.