குருசுக்குப்பத்தில் மீதி விழுந்த மூன்று மீன்கள்

பாண்டிச்சேரிக்குப் போய்வந்தேன் என்றால் எங்கள் ஊரில் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். அதற்காகப் போகவில்லை ஐயா, ஓர் ஐந்தாம் வகுப்பைப் பார்க்கப் போனேன் என்றால் இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள். 2008 ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டார்கள். பாண்டிச்சேரியில் அன்று வேலை நாள். ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரின் வகுப்பைப் பார்க்க இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

நான் ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாக ஆசிரியர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் இருக்கிறேன். சனிக்கிழமை மாலை பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி, யார் வகுப்பில் என்ன நடந்தது என்று பேசிக்கொள்வோம். குருசுக்குப்பத்துப் பள்ளியொன்றில் இருக்கும் வசந்தி டீச்சர் அதில் போட்ட படங்கள்தான் என்னைக் கெடுத்தவை. பெஞ்சுகள் ஓரமாகக் கிடக்கும். பிள்ளைகள் வட்ட வட்டமாகத் தரையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். ஒரு வட்டம் போட்ட கணக்கை அடுத்த வட்டம் சரிபார்க்கும். படம் கம்ப்யூட்டர் திரையில் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி முடிவதற்குள் எனக்கு வயிற்றெரிச்சல் வந்துவிடும். எவ்வளவு அமைதியான வகுப்பு!

நானும் செய்து பார்த்தேன். மூன்றே நாளில் என் வகுப்பு சந்தைக்கடை ஆனது. ஆனால் வரிசையில் இருந்தவரை வாயே திறக்காத அமுதா என்ற பெண், வட்டத்தில் உட்கார்ந்ததும் வகுத்தலுக்காகப் பக்கத்துப் பையனோடு சண்டைக்குப் போனாள். எனக்கு அது போதும். ஹெட்மாஸ்டருக்குப் போதவில்லை. "ஃபீஸ் கட்டுறவங்க காதுல விழுந்தா என்ன நெனைப்பாங்க? வர்ற வாரத்துக்குள்ள பெஞ்சு பழையபடி வரிசைக்கு வரணும். இல்லன்னா அஞ்சாம் வகுப்பை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்" என்றார். குழுவில் போய்ப் புலம்பினேன். வசந்தி டீச்சரிடமிருந்து அப்போதே ஒரே வரி பதில்: வந்து பாருங்க சார். அமுதா மறுபடியும் ஊமையாகிவிடுவாளே என்ற கவலைதான் என்னைப் பஸ் ஏற்றியது.

ஊத்தங்கரையில் அதிகாலை 4.15க்குப் பாண்டிச்சேரி பஸ். டிக்கெட் ஐம்பத்து மூன்று ரூபாய், தூரம் சுமார் நூற்று அறுபது கிலோமீட்டர். திருவண்ணாமலை வரை தூங்கலாம். செஞ்சியில் பத்து நிமிடம் நிற்கும், டீயை அங்கேயே குடித்துவிடுங்கள். திண்டிவனம் தாண்டினால் காற்றில் உப்பு ஏறுகிறது. ஒன்பது மணிக்குப் பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள்.

குருசுக்குப்பத்துக்கு ஆட்டோ கேட்டேன். "அம்பது ஆவும் சார்" என்றார் ஓட்டுநர். நாற்பது என்றேன். "வாத்தியாரா?" என்று கேட்டுவிட்டு நாற்பதுக்கே ஏற்றிக்கொண்டார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்களையும் அழகான பிரெஞ்சுத் தெருக்களையும் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். குப்பத்துச் சந்தொன்றின் முனையில் ஆட்டோ நின்றது. எங்கே பள்ளிக்கூடம் என்று எட்டிப் பார்த்தேன்.

"சத்தம் கேக்குதில்ல? அதான் பள்ளிக்கூடம். எறங்குங்க."

என் வகுப்பைப் போல இரண்டு மடங்குச் சத்தம். உள்ளே அதே வட்டங்கள், ஓரமாகத் தள்ளிய அதே பெஞ்சுகள். நாற்பது வயதிருக்கும் வசந்தி டீச்சர், முட்டி போட்டு ஒரு வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார்.

"உங்க போட்டோவுல இந்தச் சத்தம் கேக்கலையே டீச்சர்" என்றேன். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சத்தமா? எங்க?" என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அய்யோ, அதை எழுதணும்னே எனக்குத் தோணல சார். அலைக்கு மேல கத்தி வளந்த பசங்க. எனக்கு இது சத்தமாவே தெரியில."

இத்தனை மாதம் நான் ஒரு படத்தைப் பார்த்து என்னையே மட்டமாக நினைத்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது, அவ்வளவு நிம்மதி.

அன்றைய கணக்கு: வலையில் எழுபத்தைந்து மீன், ஆறு பங்கு. ஆட்கள் நாலு, படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. "மீதி ரெண்டு!" என்றான் ஒரு பையன். "மூணுடா!" என்று அடுத்த வட்டமே எழுந்து வந்தது. பிறகு அந்த மூன்று மீன் யாருக்கு என்று பெரிய தகராறு. செல்போனை எடுத்து ஐந்து நிமிடம் பதிந்துகொண்டேன்.

"என்னா பேசுதுங்கன்னு மட்டும் கேளுங்க சார். கணக்குக்காகக் கத்துனா வுட்டுடுவேன். ஊர்க்கதைக்குப் போனாதான் நான் போய் நிப்பேன்" என்றார் டீச்சர். வட்டத்தில் ஆகக் குறைவாகப் பேசும் பிள்ளைதான் விடை சொல்ல வேண்டும் என்று என் வகுப்பில் வைத்திருக்கும் வழக்கத்தை நான் சொன்னேன். உடனே அதை நடத்திப் பார்த்தார். ஒரு பெண் எழுந்து நின்று மெதுவாக "மூணு" என்றதும் வகுப்பே கப்சிப். மதியம் இருபத்தைந்து ரூபாய்க்கு மீன் சாப்பாடு, மூன்றரைக்குத் திரும்பும் பஸ்.

இப்படிப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு: பள்ளித் தலைமையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பின்னால் உட்காராமல் பிள்ளைகளோடு உட்காருங்கள். கேமரா மறந்தாலும் பரவாயில்லை, சத்தத்தைப் பதிய ஏதாவது கொண்டுபோங்கள். குழுவில் நாம் எல்லாவற்றையும் பகிர்வதாக நினைக்கிறோம். நமக்குப் பழகிப்போனது மட்டும் விட்டுப்போகிறது.

திங்கட்கிழமை பெஞ்சுகளை நகர்த்தாமல், அந்தப் பதிவை என் வகுப்பில் போட்டேன். பிள்ளைகள் செல்போனைச் சுற்றிக் குவிந்தார்கள். "மீதி ரெண்டு" வந்ததுமே "தப்பு சார்!" என்று பாய்ந்தார்கள். அப்புறம் அந்த மூன்று மீன் தகராறு இங்கேயும் பற்றிக்கொண்டது. கடலையே பார்க்காத பிள்ளைகள்! சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் வந்து வாசலில் நின்றார். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அமுதா அவரிடம் போனாள்.

"சார், நீங்க சொல்லுங்க. மீதி மூணு மீனு யாருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் பேசி அவர் கேட்டதே இல்லை. "சமைக்கிறவங்களுக்குக் குடுக்கணும்" என்றார். வகுப்பு கூரை பிய்ந்துபோகக் கத்தியது. பெஞ்சைப் பற்றி அவர் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை அதைக் குழுவில் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை வசந்தி டீச்சரின் பதில்: "உங்க ஹெட்மாஸ்டர் சொன்னதை எங்க பசங்க ஒத்துக்கல. நேர்ல வந்து பேசச் சொல்லுதுங்க."

அதைப் பிரிண்ட் எடுத்து ஹெட்மாஸ்டர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"பாண்டிச்சேரிக்கு மொத பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.